கையில் பட்டை கட்டிக்கொண்டு மொரீசியசுக்கு வரும் உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மார், அக்காமார், புதுமணத் தம்பதிகள் எல்லாருக்கும் வணக்கம்.

காலை ஏழு மணிக்கு முட்டை அடுப்புக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பியோடு ஒருவன் நிற்பானே, உங்கள் முகத்தைப் பார்த்ததும் "ஆம்லெட்டா, ஆஃப்பாயிலாண்ணே?" என்று தமிழில் கேட்பானே, அவன்தான் எழுதுகிறேன். அறந்தாங்கிப் பக்கம் என் ஊர். மொரீசியஸ் வந்து பதினோரு வருடம் ஆகிறது. கிழக்குக் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. எந்த ஹோட்டல் என்பது வேண்டாம், பக்கத்து ஹோட்டலில் போய்க் கேட்டாலும் இதே கதைதான் சொல்வார்கள்.

யூனிபார்மில் இருக்கும்போது உங்களைப் பார்த்து "போதும்ணே" என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று மட்டும்தான் கேட்கலாம். இன்று எனக்கு விடுமுறை. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

நீங்கள் வந்து இறங்கியதும் வரவேற்பு மேசையில் ஒரு குளிர்பானம் கொடுத்து, மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டிவிடுவார்கள். ஆல் இன்குளூசிவ். சாப்பாடு, நொறுக்குத் தீனி, ஜூஸ், பீர், ரம் எல்லாம் ஊரில் கட்டிய பணத்திலேயே அடக்கம். அப்புறம் ஊர் திரும்பும் வரை பர்ஸைத் தொட வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டைப் பெரிதாகப் பரப்பியது கிளப் மெட் என்ற கம்பெனி. 1950-இல் ஸ்பெயினின் மயோர்கா தீவில், கடற்கரையில் கூடாரம் அடித்துத்தான் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் சாப்பாடு எல்லாம் அடக்கம், பார் மட்டும் தனிக் கணக்கு. நீச்சல் உடையில் காசு வைக்க இடம் ஏது? அதனால் கழுத்தில் பாசிமணி மாலை போட்டுக்கொள்வார்கள். ஒரு கிளாஸ் வேண்டுமென்றால் மணியைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். மாலை குட்டையாகிக்கொண்டே வரும். எவ்வளவு குடித்திருக்கிறோம் என்று கழுத்தைத் தடவினாலே தெரிந்துவிடும். உங்கள் கையில் இருக்கும் பட்டையில் கழற்ற ஒன்றுமில்லை. ஒன்று குடித்தாலும் அதே நீளம், பதினொன்று குடித்தாலும் அதே நீளம்.

போன சீசனில் ஒரு குடும்பம் வந்திருந்தது. அண்ணனுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது, நல்ல மனிதர், என்னிடம் ஊர் விசாரித்தார். அவர் தட்டை இன்னும் மறக்க முடியவில்லை. கீழே மூன்று இட்லி, அதன்மேல் பொங்கல், பொங்கல்மேல் சாம்பார். ஓரத்தில் இரண்டு க்ரோசாங், அதற்கு அடியில் நசுங்கிய தர்ப்பூசணி. சாம்பார் ஓடி வந்து க்ரோசாங் ஊறிப்போயிருந்தது. இன்னொரு கையில் என்னிடம் வாங்கிய ஆம்லெட். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "காசு கட்டியாச்சுல்ல?" என்றார் அண்ணன். அக்கா பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டார். இருபது நிமிடம் கழித்துத் தட்டை எடுக்கப் போனது எங்கள் பையன். இரண்டு இட்லி அப்படியே இருந்தன. க்ரோசாங்கை அவர் தொடவே இல்லை. ஊறிப்போன க்ரோசாங்கை யார்தான் தொடுவார்கள்.

ஓசி என்றால் பினாயிலையும் குடிப்பான் என்று நம் ஊரில் கேலி செய்வோம். ஆனால் இது ஓசி இல்லை, அதுதான் சிக்கலே. ஓசியில் கிடைத்ததை வேண்டாம் என்று தள்ளிவிடலாம். காசு கட்டியதைத் தள்ள மனசு வராது. கட்டிய பணம் போனது போனதுதான், நீங்கள் பட்டினி கிடந்தாலும் திரும்பாது, பத்துத் தட்டு சாப்பிட்டாலும் திரும்பாது. இது அண்ணனுக்குத் தெரியாதா? ஊரில் வியாபாரம் பண்ணுகிறவர். ஆனாலும் பஃபே வரிசையில் நின்றதும் கணக்குத் தலைகீழாகிவிடுகிறது.

ஹோட்டல் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், தொழில் ரகசியம் ஒன்றுமில்லை. பேக்கேஜ் விலை போடும்போது ஒரு ஆள் சராசரியாக எவ்வளவு சாப்பிடுவார், குடிப்பார் என்றுதான் பார்ப்பார்கள். நீங்கள் கூடுதலாக வைக்கும் இரண்டு இட்லியால் முதலாளிக்கு ஒன்றும் குறையாது. காலையில் பப்பாளித் துண்டோடு எழுந்து போகிற பிரெஞ்சுப் பாட்டி உங்கள் பங்கையும் கட்டியிருக்கிறார். அப்புறம், மேசைகளை எந்த வரிசையில் வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். முதலில் ரொட்டி, சோறு, பாஸ்தா, உருளைக்கிழங்கு. இறாலும் ஆட்டுத் தொடையும் கடைசியில், அதுவும் சமையல்காரர் ஒருவர் கத்தியோடு நின்று வெட்டிக் கொடுப்பார். நீங்கள் அங்கே வந்து சேரும்போது தட்டில் இடம் இருக்காது. ஹோட்டலை ஜெயிக்கத்தான் தட்டை நிரப்புகிறீர்கள் என்றால், அந்த ஆட்டத்தில் ரொட்டி மேசையிலேயே தோற்றுவிட்டீர்கள்.

வயிறு நிறைந்த பிறகும் கை ஏன் நீள்கிறது என்று எனக்கே ரொம்ப நாள் புரியவில்லை. நாக்கு ஒரே ருசியில்தான் சலிக்கும், வேறு ருசி வந்தால் புதுப் பசி எடுக்கும். இதை பார்பரா ரோல்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1981-லேயே சோதித்திருக்கிறார். நான்கு விதமாக உள்ளே வைத்த சாண்ட்விச் கொடுத்தால், ஒரே விதம் கொடுப்பதைவிட ஆட்கள் மூன்றில் ஒரு பங்கு அதிகமாகச் சாப்பிட்டார்களாம். நான்குக்கே அப்படி. எங்கள் ஹோட்டலில் இனிப்பு மேசையில் மட்டும் பதினாறு வகை.

சரி, நம் ஊர்க் கல்யாணப் பந்தியிலும் வகைக்குக் குறைவில்லையே, அங்கேயும் வேண்டுமட்டும் சாப்பிடலாமே, அங்கே மட்டும் ஏன் இவ்வளவு வீணாவதில்லை என்று நீங்கள் கேட்கலாம். அங்கேயும் வீணாகிறதுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அது எனக்குப் புரிந்தது இந்த ஊரில்தான்.

வந்த புதிதில், தைப்பூசக் காவடிக்கு என்னோடு வேலை செய்யும் ஒருவர் தன் ஊர்க் கோயிலுக்குக் கூட்டிப்போனார். பத்து நாள் விரதம் இருந்து காவடி எடுப்பார்கள். முடிந்ததும் வாழையிலையில் அன்னதானம். அதற்கு இங்கே 'செட் கறி' என்று பெயர். நான் ஏதோ செட் தோசை மாதிரி என்று நினைத்தேன். பிரெஞ்சில் செட் என்றால் ஏழு. சோற்றைச் சுற்றிப் பூசணி, பலாக்காய், கத்தரிக்காய், சௌசௌ என்று ஏழு கறி வருகிறது. கடைசியில் ரசம், அதற்கு 'ராசோன்' என்கிறார்கள். வாளியோடு வந்த பாட்டிக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அப்போது இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோல் தெரியாது. அவர் கரண்டியைத் தூக்கினார், நான் இலைக்கு மேல் உள்ளங்கையைக் குறுக்கே நீட்டினேன். கரண்டி நின்றது. பாட்டி சிரித்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

கப்பலேறி வந்து ஏழெட்டுத் தலைமுறை ஆகியும், மொழி போயும், அந்தக் கை மறிப்பு மட்டும் போகவில்லை. பந்தியில் போடுகிறவர் கை ஒன்று, மறிக்கிற கை ஒன்று. போடுகிறவர் முதலில் கொஞ்சமாகத்தான் போடுவார், திரும்ப வருவார் என்று சாப்பிடுகிறவருக்குத் தெரியும். பஃபேயில் அந்த இரண்டு கையும் இல்லை. உங்கள் கையே போடுகிறது, தன்னைத் தானே எப்படி மறிக்கும்?

இந்தத் தீவின் நிலையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மொத்தம் 1,865 சதுர கிலோமீட்டர்தான். 2024-இல் வந்த விருந்தாளிகள் மட்டும் 13 லட்சத்துக்கு மேல். ஊர்ச் சனத்தொகையே அதைவிடக் குறைவு. கரும்பு விளைகிற மண் இது, நெல் விளைகிற மண் இல்லை. சாப்பாட்டில் முக்கால்வாசி கப்பலில்தான் வருகிறது. நீங்கள் தட்டில் விட்டுப்போன இட்லியின் அரிசியும் உங்களைப் போலவே கடல் தாண்டி வந்ததுதான். விட்டதைப் போடவும் பெரிய இடமில்லை. மார் ஷிக்கோஸ் என்ற ஒரே குப்பைக் கிடங்கு, 1997-இல் திறந்தது. தீவின் குப்பை அத்தனையும் அங்கேதான் போய் மலையாகக் குவிந்து கிடக்கிறது.

"மிஞ்சினதை ஏழைகளுக்குக் கொடுக்கலாமே தம்பி" என்று சிலர் சொல்வார்கள். அடுக்களைக்குள்ளேயே இருந்து வெளியே வராத சாப்பாடு என்றால் கொடுக்கலாம். அப்படி மிஞ்சுவதை வாங்கிப் பிரித்துக் கொடுக்க ஃபுட்வைஸ் என்று ஒரு அமைப்பும் இங்கே இருக்கிறது. ஆனால் உங்கள் தட்டுக்கு வந்துவிட்டால் அது எச்சில். அதை யாருக்கும் கொடுக்க முடியாது. இரவு பதினொரு மணிக்கு அதை வழித்து நீல டிரம்மில் தள்ளுவது பாத்திரம் கழுவுகிற எங்கள் ஸ்டூவர்ட் பையன்தான். அவன் வங்காளதேசத்துக்காரன். சோறு விழும் சத்தம் வேறு, கறித்துண்டு விழும் சத்தம் வேறு, அது அவனுக்கு அத்துப்படி. முதல் மாதம் வேலை முடிந்ததும் சாப்பிடாமலே படுத்துவிடுவான். இப்போது பழகிவிட்டது என்கிறான். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2022-ஆம் ஆண்டுக்குப் போட்ட கணக்கில், உலகத்தில் வீணான சாப்பாடு 105 கோடி டன். அதில் 29 கோடி டன் எங்களை மாதிரிச் சமைத்துப் போடுகிற இடங்களில். எனக்கு அந்த எண்கள் மண்டையில் ஏறுவதில்லை. டிரம் எனக்குத் தெரியும்.

ஒன்றே ஒன்று மட்டும் எனக்குத் தாங்காது. பனங்குருத்து சாலட். இங்கே அதற்கு 'மில்லியனர் சாலட்' என்று பெயர். குருத்தை எடுக்க மரத்தையே வெட்ட வேண்டும், ஆறேழு வருடம் வளர்ந்த மரம். வெள்ளை வெள்ளையாக, சீவிய இளந்தேங்காய் மாதிரி இருக்கும். நம் ஆட்கள் முட்டைகோஸ் என்று நினைத்து அள்ளி வைப்பார்கள். ஒரு வாய் வைத்துவிட்டு "உப்பே இல்லை" என்று ஒதுக்கிவிடுவார்கள். தயவுசெய்து முதலில் ஒரு ஸ்பூன் எடுங்கள். பிடித்தால் திரும்ப வாருங்கள். நாளைக்கும் இருக்கும், நாளன்றைக்கும் இருக்கும். கிணற்றுத் தண்ணீரை வெள்ளமா கொண்டுபோகும்?

குடிப்பதைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நானும் உத்தமன் இல்லை, சனிக்கிழமை ராத்திரி ஒரு ஃபீனிக்ஸ் பீர் குடிப்பவன்தான். ஆனால் பார் பத்து மணிக்குத் திறக்கிறது. பத்தே காலுக்கு நீச்சல் குளத்தோரம் நம் ஊர்ப் பாட்டுக் கேட்க ஆரம்பித்துவிடும். தேங்காய்ப்பாலும் அன்னாசியும் ரம்மும் கலந்து கொடுப்பது குடித்தால் சாராயம் மாதிரியே இருக்காது, பாயசம் மாதிரி இறங்கும். மேலே வெயில். பாதி குடித்த கிளாஸ் சூடாகிவிட்டது என்று அதை வைத்துவிட்டு அடுத்தது கேட்பார்கள். அதுவும் கணக்கில்லை, இதுவும் கணக்கில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு புது மாப்பிள்ளை. மருதாணி சிவப்பு மாறாத பெண்ணோடு வந்திருந்தார். பவளப்பாறை பார்க்கப் படகில் போக இரண்டு மணிக்குப் பதிவு செய்திருந்தார்கள். இவர் காலையிலிருந்து குடித்திருந்தார். படகுக்காரர் இந்த ஊர் மீனவர், அதிகம் பேசாதவர். மாப்பிள்ளை படகில் கால் வைக்கத் தடுமாறியதைப் பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழ்க்கவே இல்லை. "நாளைக்கு வாங்க" என்று சொல்லச் சொன்னார், மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை என்னைத் திட்டினார், காசு கட்டியிருக்கிறேன் என்றார். அதே வாக்கியம். அந்தப் பெண் மரப்பாலத்தின் நுனியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் காலை அவர்களுக்கு விமானம்.

ஒரு விஷயம் மட்டும் கட்டாயம் சொல்ல வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடக்கூடும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். பார்க்கிறவர்கள் போதை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். கூட வந்தவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எங்கள் காதிலும் போட்டு வையுங்கள், தப்பில்லை. இந்த ஊரிலும் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கிறது. எங்கள் அடுக்களையிலேயே மூன்று பேர் இன்சுலின் பேனாவோடு திரிகிறார்கள், அதனால் எங்களுக்கு இதெல்லாம் புதிதில்லை.

இந்த மடல் சுற்றிச் சுற்றி மேலாளர்கள் கைக்கும் போய்ச் சேரும் என்று தெரியும். சேரட்டும். ஐயா, விருந்தாளியை மட்டும் குறை சொல்லிவிட்டு உங்களை விட்டுவிட்டால் அது நியாயமில்லை. மறிக்கிற கையை எடுத்தது நாம்தான். ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில், அதாவது அந்த மயோர்கா இருக்கிற இடத்திலேயே, குடித்துக் கூத்தடிக்கிற சில பகுதிகளுக்கு 2020-இல் சட்டம் போட்டார்கள். ஆல் இன்குளூசிவ் என்றாலும் மதியம் மூன்று கிளாஸ், இரவு மூன்று கிளாஸ், அதற்கு மேல் கிடையாது. அந்த அளவுக்கு இங்கே போக வேண்டாம், எனக்கே அது பிடிக்கவில்லை. நார்வேயில் செய்தது பிடித்தது. சில ஹோட்டல்களில் பஃபே தட்டைக் கொஞ்சம் சின்னதாக்கினார்கள். வேறு சில ஹோட்டல்களில் தட்டை மாற்றாமல், ஒரே தடவையில் அள்ளாதீர்கள், எத்தனை தடவை வேண்டுமானாலும் வாருங்கள் என்று ஒரு சின்ன அட்டையை வைத்தார்கள். அவ்வளவுதான். இரண்டு இடத்திலும் வீணாவது ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது, விருந்தாளிகள் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. 2013-இல் வந்த ஆய்வு இது. நம் ஊர்ப் பந்தி பரிமாறுகிறவருக்கு இதை ஆய்வு செய்து சொல்ல வேண்டியதில்லை.

மொரீசியஸுக்கும் இது புதிதில்லை. 1987-இல் அரசாங்கம் ரேஷன் சமையல் எண்ணெயை, பெரும்பாலும் பாமாயிலாக இருந்ததை, சோயா எண்ணெயாக மாற்றியது. ஐந்து வருடத்தில் ஊர் மக்களின் ரத்தத்தில் கொழுப்பு அளவு குறைந்திருந்தது. யாரும் தினமும் பல்லைக் கடித்துக்கொண்டு நாக்கை அடக்கவில்லை. கரண்டி பிடித்தவர் மாற்றினார், அவ்வளவுதான். எங்கள் கையிலும் கரண்டி இருக்கிறது ஐயா. பொங்கலை நாங்களே கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கொடுக்கிறோம். ஆள் போதவில்லை என்பீர்கள். நிரப்பவும் வழிக்கவும் ஆள் வைத்திருக்கிறீர்களே, அவர்களை இந்தப் பக்கம் நிறுத்துங்கள்.

உறவுகளே, உங்களிடம் திரும்ப வருகிறேன். பட்டை கட்டிய பிறகு பலர் கேட்டைத் தாண்டுவதே இல்லை. வெளியே சாப்பிட்டால் காசு இரண்டு தடவை போகிறதாம். ஏழு நாள் ஹோட்டலிலேயே இருந்து, ஏழு நாளும் அதே இந்தியக் கவுண்டரில் பன்னீர் பட்டர் மசாலா சாப்பிட்டுவிட்டுப் போகிறீர்கள். நான்தான் சமைக்கிறேன், அதனால் சொல்கிறேன், அது அவ்வளவு நல்ல பன்னீரும் இல்லை.

இந்தக் கிழக்குப் பக்கத்தில் ஃப்ளாக் என்ற ஊரில் ஞாயிற்றுக்கிழமை சந்தை கூடும், புதன்கிழமையும் உண்டு. ஒரு நாள் காலையில் பஃபேக்கு வராதீர்கள், நான் வருத்தப்பட மாட்டேன். பேருந்து ஏறுங்கள். சந்தையில் பீர்க்கங்காய்க்குப் 'பிப்பங்காய்' என்பார்கள், கறிவேப்பிலைக்குக் 'கரிப்புலே', முருங்கைக்கீரைக்கு 'ப்ரெத் முரும்'. கைக்காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று உங்களுக்கே ஆசையாக இருக்கும். தோல்பூரி விற்கிற வண்டியைத் தேடுங்கள், கூட்டம் நிற்கிற வண்டிதான் நல்ல வண்டி. கடலைப்பருப்பைப் பொடித்து உள்ளே வைத்துத் திரட்டிய பூரி, நம் பருப்புப் போளி மாதிரி, ஆனால் இனிப்பு இல்லை. உள்ளே கறியும் தக்காளித் தொக்கும் மிளகாய்ச் சட்னியும் தடவிக் காகிதத்தில் சுருட்டிக் கொடுப்பார்கள். அதை இங்கே ஜோடியாகத்தான் விற்பார்கள்.

வரிசையில் முன்னால் நிற்பவர் "என் பேர்" என்பார். முதல் தடவை நானும் ஏமாந்தேன், இவர் எதற்குக் கடைக்காரரிடம் தன் பேரைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்துகிறார் என்று. கிரியோலில் 'என் பேர்' என்றால் ஒரு ஜோடி. நீங்களும் "என் பேர்" என்று சொல்லுங்கள். மிளகாய்ச் சட்னியைக் காட்டிக் கடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்ப்பார், அது ரொம்பக் காரம். வேண்டாமென்றால் கையைக் குறுக்கே காட்டுங்கள், அவருக்குப் புரியும்.

அன்புடன்,
முட்டை அடுப்புக்காரன்